கழுத்துக்கு ஒரு சைக்கிள் ரியூப்

சிறுவயதில் எங்கள் வீட்டுப் படலையடியில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. அரியாலை கிழக்கிலிருந்து, கடல்நீரேரிக் கரைப் பக்கமாக, இறாலும் நண்டும் கொண்டு ஒரு ஆச்சி வருவார். "மோனை, ஒரு கை பிடி ராசா" என்ற குரல் கேட்டால் ஓட வேண்டும். நிறைந்த கடகத்தைத் தலையிலிருந்து தனி ஆளாக இறக்க முடியாது. நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் மறுபக்கம் பிடித்துக் கீழே வைப்பார். சும்மாட்டை எடுத்து உதறுவார். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருதரம் திருப்புவார். பிறகு விலை பேசத் தொடங்கிவிடுவார்.

நான் வாழ்நாளில் அதிகம் தூக்கியது சிவப்புப் பேனை. உயர்தர உயிரியல் விடைத்தாள்களை வருடக்கணக்காகக் குனிந்திருந்து திருத்தியவன். ஐம்பது வயதில் கழுத்துப் பிடித்தது, விடவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பது மருத்துவ வழக்கம். எனக்கு இரண்டு வருடம் நீடித்தது. எண்ணெய், ஒத்தடம், புக்கை, மாத்திரை எல்லாம் வந்து போயின. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "எலும்பு தேய்ஞ்சு போச்சு மாஸ்டர். இனிப் பாரம் தூக்கப்படாது." கழுத்துக்கு ஒரு கொலரும் கிடைத்தது.

நாலு மாதம் அந்தக் கொலரோடு திரிந்தேன். சித்திவிநாயகர் கோயில் திருவிழாவில் சுவாமியை அண்ணாந்து பார்க்க முடியாமல், பின்னால் நின்று கைகூப்பிவிட்டு வந்தேன். கழற்றியபோது வலி அப்படியே இருந்தது. தலைதான் முன்னரைவிடப் பாரமாகத் தெரிந்தது. உயிரியல் படிப்பித்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது: அசையாத தசை மெலியும் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன்!

தேய்மானம் என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். நமது ஊரில் பாதிப்பேருடைய கழுத்தைப் பயமுறுத்தி வைத்திருப்பது இந்தச் சொல்தான். ஜப்பானில் கழுத்து வலியோ வேறு அறிகுறியோ இல்லாத 1211 பேரைக் காந்த ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். நகஷிமாவும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 87.6 சதவீதமானோரின் கழுத்தில் வட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். அவர்களில் ஒருவருக்கும் வலி இல்லை. ஆகவே ஸ்கான் அறிக்கையில் "பிதுக்கம்", "தேய்வு" என்று இருந்தால், தலையில் நரை கண்டதைப் போல அதை எடுத்துக்கொள்ளலாம். வயதைப் பற்றி ஏதோ சொல்கிறது. வலியைப் பற்றிச் சொல்வது குறைவு.

எலும்பைவிட்டுத் தசைக்கு வருவோம். மனிதத் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ. ஏழு முள்ளெலும்புகளின் மேல் அது நேராகக் குந்தியிருக்கவில்லை. அதன் பாரமையம் தாங்கும் மூட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. கொழும்பு இரவு பஸ்ஸில் நித்திரை கொள்பவரின் தலை பின்னால் போகாமல் நெஞ்சை நோக்கி விழுவது அதனால்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் பிடரித் தசைகள் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ அளவுக்குச் சுமை ஏறும் என்று 2014இல் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கணக்கிட்டார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. ஆளை வைத்து அளந்தது அல்ல. ஆனாலும் கைத்தொலைபேசியும் குனிந்த தலையுமாக அந்தப் படம் உலகம் சுற்றியது. பயந்தவர்கள் பலர். அந்தச் சுமைக்கு ஏற்ற தசையை வளர்க்கலாமே என்று மட்டும் யாரும் படம் போடவில்லை.

அந்தத் தசைகளைத் தமிழில் பெயர் சொல்லிப் படிப்பித்த ஊர் நம்முடையது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஷ்க் கிறீன், கிறேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் தமிழில் கொண்டுவந்தார். 838 பக்கம். இன்று என் மாணவர்கள் பிடரியிலிருந்து தோள்வரை விரிந்து கிடக்கும் தசையைச் சரிவகத் தசை என்பார்கள். நமது கதையின் நாயகி அந்தத் தசைதான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா தையல் மெஷின் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடச் சீருடைக் காலத்தில் விடிய ஐந்து மணிக்கே மெஷின் சத்தம் கேட்கும். "இதிலை ஒரு பாரமும் தூக்கிறேல்லையே தம்பி, பிறகேன் தோள்மூட்டு இப்பிடி உளையுது?" என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. சுவீடனைச் சேர்ந்த கோரன் ஹேக் 1991இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஒரு தசையில் நூற்றுக்கணக்கான இயக்க அலகுகள் உண்டு. இலேசான வேலை தொடங்கினால் சிறிய அலகுகள்தான் முதலில் எழும்பும். வேலை கூடக்கூடப் பெரியவை வந்து சேரும். ஓய்வு கிடைக்கும்போது பெரியவை முதலில் படுத்துவிடும், சிறியவை கடைசியாகத்தான் ஓயும். தைப்பது, தட்டச்சு, விடைத்தாள் திருத்துவது எல்லாம் இலேசான வேலைகள். நாள் முழுக்க அதே சின்ன அலகுகள்தான் மாடு மாதிரி உழைக்கும். பெரியவை கிட்டவும் வராது. ஹேக் இவற்றைச் சின்றெல்லா நார்கள் என்றார். எல்லோருக்கும் முதல் எழும்பி எல்லோருக்கும் பிறகு படுக்கிற அந்தக் கதைப்பெண்ணின் பெயர். அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. "எங்கடை அம்மா மாதிரி எண்டு சொல்லும்" என்றார்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒருவரின் தோள் தசை முழுப் பலத்தோடு இழுத்தால் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தைப்பதற்குத் தேவை 4 கிலோ. முழுப் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, காலை முதல் மாலைவரை. அவருடைய பலம் 32 கிலோவாகக் கூடினால் அதே 4 கிலோ எட்டில் ஒரு பங்காகிவிடும். மெஷின் மாறவில்லை, கதிரை மாறவில்லை, துணி மாறவில்லை. வேலை மட்டும் இலேசாகிவிட்டது. வலி குறைவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். பாரம் தூக்கியும் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை அறிந்துகொள்வதும், அதனால் பயம் விடுவதும் பெரிய மருந்து. ஆனால் கணக்கு கணக்குத்தான்.

பாரத்தையே மருந்தாக்கலாம் என்பதை நவீன மருத்துவத்தில் நிலைநாட்டியவர் தோமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், சிகாகோவின் கார்டினர் இராணுவ மருத்துவமனையில், முழங்கால் காயப்பட்ட சிப்பாய்கள் மாதக்கணக்காகக் கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தார்கள். இலேசாக, நிறையத் தடவை காலை ஆட்டச் சொல்வதே அப்போதைய முறை. டிலோர்ம் சிறுவயதில் வாதக்காய்ச்சலில் விழுந்து, பிறகு பாரம் தூக்கித் தேறியவர். "குறைந்த தடவை, கனத்த பாரம், வாரம்வாரம் கூட்டு" என்று முறையைத் தலைகீழாக்கினார். 1945இல் அதை எழுதி வெளியிட்டார். முழங்காலுக்கு ஒத்துக்கொண்ட மருத்துவ உலகம் கழுத்தென்றதும் தயங்கியது. கழுத்து என்றால் தண்டுவடம், நாடிகள், உயிர் என்ற பயம். அந்தத் தயக்கம் பின்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் நீடித்தது.

2003ஆம் ஆண்டை நான் மிகவும் விரும்புகிறேன். அந்த ஒரே வருடத்தில், ஒரே நாட்டிலிருந்து, கழுத்து வலியுள்ள அலுவலகப் பெண்களைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஆய்வுகள் வந்தன. நாடு பின்லாந்து. முதலாவதை ஜாரி யூலினனும் குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். 180 பெண்கள், வயது 25 முதல் 53 வரை, மூன்று குழுக்கள். ஒரு குழு படுத்திருந்து தலையைத் தூக்கித் தூக்கித் தாக்குப்பிடிக்கும் பயிற்சி செய்தது. கைக்கு 2 கிலோ டம்பெல். இன்னொரு குழு தலையில் இறப்பர்ப் பட்டியை மாட்டி, தம் முழுப் பலத்தின் 80 சதவீதத்தை எட்டும்படி இழுத்தது. முன்னுக்கு, பின்னுக்கு, இரண்டு சரிவுப் பக்கங்களுக்கும் பதினைந்து பதினைந்து தடவை. அவர்கள் தோளுக்கும் கைக்கும் கனத்த டம்பெல் தூக்கினார்கள். மூன்றாவது குழுவுக்கு நீட்டி நிமிர்த்தும் பயிற்சியும் நடை போன்றவையும் மட்டும்.

ஒரு வருடம் போயிற்று. வலி பெரிதும் குறைந்தது அல்லது முற்றாகப் போயிற்று என்று சொன்னவர்கள் பலப் பயிற்சிக் குழுவில் 73 சதவீதம், தாக்குப்பிடிப்புக் குழுவில் 59 சதவீதம், மூன்றாவது குழுவில் 21 சதவீதம். தலையை முன்னுக்கு வளைக்கும் பலம் பலப் பயிற்சிக் குழுவில் 110 சதவீதம் கூடியிருந்தது. மருத்துவர்கள் இவ்வளவு காலம் பயந்த கழுத்து, இரண்டு மடங்குக்கு மேல் பலமாகியிருந்தது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் பயன் பெருமளவு நிலைத்திருந்தது.

சில மாதங்களில் பிரித்தானிய மருத்துவ இதழில் வில்ஜனனும் குழுவினரும் எழுதிய இரண்டாவது ஆய்வு வந்தது. 393 பெண்கள், பன்னிரண்டு வாரம். ஒரு குழுவுக்குத் தசைப் பயிற்சி, ஒரு குழுவுக்குத் தளர்வுப் பயிற்சி, ஒரு குழு வழமைபோல. முடிவு: ஒரு வித்தியாசமும் இல்லை.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் "அப்ப எது சேர் சரி?" என்பார்கள். இரண்டும் சரி. வில்ஜனனின் பெண்கள் தூக்கியது இலேசான டம்பெல். காலமும் சில வாரங்கள்தான். யூலினனின் பெண்கள் கனமாக இழுத்தார்கள், ஒரு வருடம் இழுத்தார்கள். பரசிற்றமோலில் கால் துண்டை விழுங்கிவிட்டுக் காய்ச்சல் மாறவில்லை என்று மருந்தைக் குறை சொல்ல முடியுமா? உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள், செய்தேன், பயனில்லை என்று சலித்துக்கொள்பவர்களில் பலருக்கு நடந்ததும் இதுதான் என்பது என் எண்ணம். கழுத்தை மெல்ல வட்டமாகச் சுழற்றுவதற்குப் பெயர் பலப் பயிற்சி அல்ல.

இந்த ஆய்வுகளில் குறையும் உண்டு. எல்லாம் பெண்கள், எல்லாம் அலுவலகக்காரர். பாரம் தூக்குகிறோம் என்பதைத் தூக்குபவருக்கு மறைக்கவும் முடியாது. மாத்திரையில் சீனி வைத்து ஏமாற்றுவதுபோல இங்கே செய்ய வழியில்லை. அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டுதான் டென்மார்க்குக்குப் போக வேண்டும். கொப்பன்ஹேகனில் லார்ஸ் அண்டர்சனும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் எல்லோருக்கும் சரிவகத் தசையில் நாட்பட்ட நோவு. ஒரு குழு டம்பெல் தூக்கியது. இன்னொரு குழு தோளைத் தளர்த்தி வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் சைக்கிள் மிதித்தது. இரண்டுக்கும் வாரம் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம், பத்து வாரம். சைக்கிள் மிதித்தவர்களுக்கு மிதித்து முடித்த கையோடு கொஞ்சம் சுகம், பிறகு பழையபடி. டம்பெல் தூக்கியவர்களுக்கு வலி வெகுவாக இறங்கியது, பயிற்சி நின்ற பிறகும் இறங்கியே இருந்தது. இரண்டு குழுவும் உடற்பயிற்சிதான் செய்தன. நொந்த தசைக்கே பாரம் கொடுத்ததுதான் வேறுபாடு.

அப்படியானால் கடகம் சுமந்த ஆச்சி பயிற்சி பெற்றவரா? நமது முன்னோர் தலையில் சுமந்தார்கள், துலா மிதித்தார்கள், உரலில் மா இடித்தார்கள், அதனால்தான் வலியில்லாமல் வாழ்ந்தார்கள் என்று எழுதினால் நமது ஆட்களுக்கு நன்றாகப் பிடிக்கும். உண்மை அவ்வளவு இனிப்பாக இல்லை. கென்யாவின் லூவோ, கிக்கூயுப் பெண்கள் தம் உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் வைத்து நடந்தாலும் கூடுதல் சக்தி செலவாவதில்லை என்று 1986இல் 'நேச்சர்' இதழில் வந்தது, அது வியப்புத்தான். ஆனால் ஆபிரிக்காவில் தலைச்சுமைக்காரர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தபோது தேய்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. டென்மார்க்கின் அண்ட்ரியாஸ் ஹோல்டமன் இதை ஒரு முரண் என்கிறார்: ஓய்வு நேரத்தில் செய்யும் உழைப்பு உடம்பை வளர்க்கிறது, பிழைப்புக்காகச் செய்யும் அதே உழைப்பு உடம்பைத் தின்கிறது. பயிற்சியில் பாரத்தின் அளவை நாம் தீர்மானிக்கிறோம். பதினைந்து தடவை தூக்கிவிட்டு வைத்துவிடுகிறோம். அடுத்த நாள் ஓய்வு. ஆச்சிக்கு ஓய்வுநாள் இருக்கவில்லை. கடகத்தின் நிறையை அன்றைய வலை தீர்மானித்தது. அவருக்குக் கழுத்து நொந்ததா என்று நான் கேட்டதுமில்லை.

யூலினனின் இறப்பர்ப் பட்டியைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் அதற்கா பஞ்சம்? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. பழைய ரியூபை வெட்டி விறகு கட்டினோம், வாளி கட்டினோம், பிள்ளைகள் கெற்றப்போல் செய்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பிச் சனம் கண்டி வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது எங்கள் வீட்டுச் சாமான் கரியரில் நின்றதும் ரியூபின் இறுக்கத்தில்தான்.

அந்த ரியூபைத்தான் நானும் வெட்டினேன். ஒட்டுப் போடாத, வெடிப்பில்லாத துண்டாக இருக்க வேண்டும். அறுந்து கண்ணில் அடித்தால் இதை எழுதியவனைத் திட்டுவீர்கள். ஒரு முனையை முதுகுக்குப் பின்னால் யன்னல் கம்பியில் கட்டி, மறுபக்கத்தை நெற்றியில் மடித்த துவாயின் மேல் மாட்டி, கதிரையில் நிமிர்ந்திருந்து, கழுத்தை வளைக்காமல் இடுப்பிலிருந்து உடம்பை முன்னுக்குச் சாய்ப்பது. கழுத்து அசையாது; ஆனால் உள்ளே உழைக்கும். நான் இதில் தொடங்கவில்லை. முதல் மாதம் உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளியதும், மல்லாந்து படுத்து "ஓம்" என்று நாடியை மெல்ல உள்ளே இழுத்ததும்தான். ஒஸ்திரேலியாவின் குவெண்டலின் ஜல் காட்டித் தந்த தலையசைப்பு அது. முள்ளெலும்பை ஒட்டிக் கிடக்கும் ஆழத் தசைகளை எழுப்பும். நாட்பட்ட வலியில் அவை உறங்கிவிட, மேலோட்டத் தசைகள்தான் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கின்றன. தோளுக்கு ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இரண்டு. முதலில் தண்ணீர், இலேசானதும் மணல். பதினைந்தாவது தடவை கஷ்டப்பட்டுத்தான் வர வேண்டும். இருபதும் சும்மா வந்தால் பாரம் காணாது.

முதல் இரண்டு மூன்று வாரம் நோகும். பயிற்சி செய்து ஒன்று முதல் மூன்று நாள்வரை தசை உளைவது வழமை. அதைக் காயம் என்று எண்ணித்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கை விறைத்தால், பிடி தளர்ந்தால், நடை தள்ளாடினால், சலம் கட்டுப்படாவிட்டால், காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் கழுத்து நொந்தால், மோட்டார்சைக்கிளாலோ பனையாலோ விழுந்த பிறகு நொந்தால், ரியூபைத் தொடவே வேண்டாம். நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். காந்த ஸ்கான் எடுக்கச் சொன்னால், உடம்பில் பழைய ஷெல் துண்டு இருந்தால் அதை முதலே சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் இரும்பை அசைத்துவிடும். நம்மில் எத்தனை பேர் அதை மறந்தே போய்விட்டோம்.

தையல் அக்காவுக்கு இவ்வளவுக்கும் நேரமில்லை. அவருக்கு அண்டர்சனின் 2011ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னேன். கழுத்து, தோள் வலி உள்ள 198 அலுவலகக்காரர். இறப்பர்க் குழாயை மிதித்துக்கொண்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குவது, அவ்வளவுதான். ஒரு குழு நாளுக்கு 12 நிமிடம், ஒரு குழு நாளுக்கு 2 நிமிடம், வாரம் ஐந்து நாள், பத்து வாரம். பத்துப் புள்ளி அளவுகோலில் 12 நிமிடக்காரருக்கு வலி 1.9 புள்ளி குறைந்தது, 2 நிமிடக்காரருக்கு 1.4. பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்ட வித்தியாசம் அது. ஆறு மடங்கு நேரத்துக்கு அரைப் புள்ளிதான் கூடுதல்.

"இரண்டு நிமிசமோ? ஒரு கைமடிப்புத் தைக்கிற நேரம்" என்றார் அக்கா. மெஷின் காலில் ஒரு ரியூப் துண்டு இப்போது தொங்குகிறது. தொடங்கி மூன்று வாரம் ஆகிறது, வலி குறைந்ததாக இன்னும் சொல்லவில்லை. பத்து வாரம் முடியட்டும். நீங்களும் அதற்கு முதல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.